47 ஆண்டுகள் கழித்து வந்த தொப்பி

முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் பல்கலைக்கழக அணிக்காகக் கால்பந்து ஆடும் மாணவி ஒருத்தி இருந்தாள். காலைப் பயிற்சி முடித்து, ஈரத் தலையோடு முதல் வகுப்புக்கு ஓடிவருவாள். பெண்களின் தன்வரலாறுகளைப் பற்றிய வகுப்பு அது. ஒருநாள் அவள் கேட்டாள்: “மேடம், நாங்க ஆடுறத எந்தத் தமிழ்ச் சொல்லால சொல்றது? பசங்கள ஆட்டக்காரன்னு சொல்றாங்க. எங்கள ஆட்டக்காரின்னு சொன்னா வேற அர்த்தமா இருக்கு.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வினையடியிலிருந்து பிறந்த இரண்டு பெயர்களில் ஆணுக்குப் புகழும் பெண்ணுக்கு வசையும் சேர்வது தமிழ் படித்த எவருக்கும் புதிதல்ல. “வீராங்கனைன்னு சொல்லலாம்” என்று சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் தேடப் போய்த்தான் ரோஸ் ரைலியிடம் வந்து சேர்ந்தேன். கால்பந்தில் எனக்குப் பெரிய அறிவு கிடையாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று அந்த மாணவிதான் கரும்பலகையில் படம் போட்டு இரண்டு முறை விளக்கினாள். ஆனால் ஒரு பெண்ணின் பெயர் பதிவேட்டில் எப்படி ஏறுகிறது, எப்படி அழிக்கப்படுகிறது என்பதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

கால்பந்து உலகில் ‘தொப்பி’ என்று ஒன்று உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்கு அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் குஞ்சம் வைத்த ஒரு தொப்பியைத் தரும். இத்தனை முறை நாட்டுக்காக ஆடினார் என்பதை இத்தனை தொப்பி பெற்றவர் என்றே எழுதுவார்கள். யாரும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிவதில்லை. அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். ரோஸ் ரைலி தன் நாடான ஸ்காட்லாந்துக்காக முதன்முதலில் களமிறங்கியது 1972இல். தொப்பி கிடைத்தது 2019இல்.

அவர் பிறந்தது 1955 ஜனவரியில், கில்மார்னக் நகரில். வளர்ந்தது அதன் அருகே அயர்ஷையர் பகுதியிலுள்ள ஸ்டூவர்டன் என்ற சிற்றூரில். சிறுமியாக இருந்தபோது கிறிஸ்துமஸ் பரிசாகப் பந்து கேட்டார், பொம்மை வந்தது. அந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டு வெளியே போய், வேறொரு குழந்தையிடம் கொடுத்துப் பந்தாக மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஊரில் சிறுமிகளுக்கு அணி இல்லை. பையன்களின் அணியில் ஆட வேண்டுமென்றால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும், பெயரை ‘ராஸ்’ என்று சொல்ல வேண்டும். ரோஸ் இரண்டையும் செய்தார். ஏழு வயதில் அவர் ஆடியதைப் பார்த்த செல்டிக் கழகத்தின் ஆள்தேடி ஒருவர் அந்தப் பையன் வேண்டும் என்று கேட்டாராம். அது பையன் இல்லை என்று சொன்னதோடு பேச்சு முடிந்தது.

ரோஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையை விரும்பிச் சொல்கிறார்கள். ரோஸும் பேட்டிகளில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கசக்கிறது. ஏழு வயதுக் குழந்தையின் காலில் இருந்த திறமையை ஒரு பெரிய கழகத்தின் கண் பார்த்துவிட்டது. பார்த்ததை மறக்க வைக்க ஒற்றைத் தகவல் போதுமானதாக இருந்தது. இதில் சுவாரசியம் எங்கே இருக்கிறது?

நான் படித்த பள்ளியில் விளையாட்டு நேரத்தில் பையன்களுக்குப் பந்து போகும், எங்களுக்கு ரப்பர் வளையம் வரும். வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்க வேண்டும். பந்து ஏன் எங்களுக்கு இல்லை என்று நான் கேட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து, சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வரும் கந்துகவரியைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. பெண்கள் பந்தாடிக்கொண்டே பாடும் பாட்டுக்கென்று நம் இலக்கியத்தில் ஒரு வகையே இருந்திருக்கிறது. அதை நடத்திய நான் பந்தைத் தொட்டது ஆசிரியையான பிறகு, விளையாட்டு விழாவைத் தொடங்கிவைக்கும் சடங்கில்.

ஸ்காட்லாந்திலும் பெண்கள் பந்தை உதைப்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய புதுமையல்ல. 1881 மே மாதத்தில் எடின்பரோவின் ஈஸ்டர் ரோடு மைதானத்தில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று பெயரிட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் அணிகள் மோதின. அடுத்த சில நாள்களில் கிளாஸ்கோவில் ஆடியபோது கூட்டம் களத்துக்குள் புகுந்தது. பெண்கள் தங்களை ஏற்றிவந்த குதிரை வண்டியில் ஏறித் தப்பிக்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் களமுனைக்குப் போக, தொழிற்சாலைகளுக்கு வந்த பெண்கள் அங்கேயே அணி அமைத்து ஆடினார்கள். இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் அணி 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. பெண்கள் ஆடக் கூடாது என்று அது சட்டம் போடவில்லை. இடம் தராதே என்று மட்டும் சொன்னது. இடம் இல்லையென்றால் ஆட்டமும் மெல்ல இல்லாமல் போகும் என்பது சொன்னவர்களுக்குத் தெரியும்.

ஸ்காட்லாந்துச் சங்கமும் அதே வழியில் நடந்தது. ஆனால் இங்கிலாந்து மனம் மாறிய பிறகும் அது மாறவில்லை. 1971இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம், பெண்கள் கால்பந்தை அந்தந்த நாட்டுச் சங்கங்கள் தம் பொறுப்பில் ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. 31 நாடுகள் ஆதரித்தன. ஒரே ஒரு நாடு எதிர்த்தது. அது ஸ்காட்லாந்து. அந்நாட்டுச் சங்கம் பெண்களின் ஆட்டத்தை அங்கீகரிக்க 1974 வரை ஆனது.

ரோஸின் பதின்பருவம் இந்த ஆண்டுகளில்தான் கழிந்தது. ஸ்டூவர்டன் திசில் என்று ஒரு பெண்கள் அணி அவர் ஊரிலேயே இருந்தது. அதை நடத்தியவர் எல்சி குக். வரலாற்றில் இப்படி ஒருத்தி எப்போதும் இருப்பாள். களத்தில் கோல் போடுகிறவளின் பெயர் பின்னால் எப்படியாவது வெளியே வந்துவிடும். ஆள் சேர்த்து, மைதானத்துக்குக் கெஞ்சி, பேருந்துக்கு ஏற்பாடு செய்து, கடிதம் எழுதிக் கடிதம் எழுதி அணியை உயிரோடு வைத்திருப்பவளின் பெயர் அடிக்குறிப்பில்தான் இருக்கும். 1971இல் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்துச் சங்கத்தின் முதல் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை இந்தச் சிற்றூர் அணி போய், சவுத்தாம்ப்டனிடம் தோற்றது.

1972 நவம்பர் 18. கிரீனாக் நகரின் ரேவன்ஸ்கிரெய்க் மைதானம். ஸ்காட்லாந்து, இங்கிலாந்துப் பெண்கள் அணிகளின் முதல் சர்வதேச ஆட்டம். இதே இரண்டு நாடுகளின் ஆண்கள் கிளாஸ்கோவில் உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தை ஆடியது 1872 நவம்பரில். சரியாக நூறு ஆண்டு இடைவெளி. ஆண்களின் அந்த ஆட்டத்தில் யாரும் கோல் போடவில்லை. பெண்களின் ஆட்டத்தில் ஐந்து கோல்கள் விழுந்தன. ஸ்காட்லாந்து முதலில் இரண்டு போட்டது, இரண்டாவது ரோஸுடையது. கார்னரிலிருந்து உதைத்த பந்து யார் காலையும் தொடாமல் நேராக வலைக்குள் போனதாகச் சொல்வார்கள். பிறகு இங்கிலாந்து மூன்று போட்டு வென்றது. ரோஸுக்கு அப்போது 17 வயது. ஆடியவர்கள் யாருக்கும் தொப்பி இல்லை. தொப்பி தரும் அதிகாரமுள்ள சங்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஆட்டம் நடக்கவே இல்லை.

அடுத்த ஆண்டே அவர் நாட்டை விட்டுப் போனார். ரோஸும் கிளாஸ்கோக்காரரான எட்னா நீலிஸும் பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகர அணியில் சேர்ந்தார்கள். பதினெட்டு வயதுப் பெண், மொழி தெரியாத ஊர், வேலை என்பது பந்து உதைப்பது. 1973இல் அயர்ஷையரின் எந்தத் தாயிடமும் இதை எப்படிச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சில மாதங்களிலேயே இருவரையும் மிலான் அழைத்துக்கொண்டது. ஏழு வயதில் பெண் என்பதற்காக ஒரு கழகம் கைவிட்டவரை இத்தாலிய நகரமொன்று பெண் என்று தெரிந்தே கூப்பிட்டது.

இனி வருவதுதான் எனக்கு எழுதக் கடினமான பகுதி. 1975இல் ரோஸுக்கும் எட்னாவுக்கும் ஸ்காட்லாந்தில் ஆடக் காலவரையற்ற தடை விதிக்கப்பட்டது. விதித்தது ஆண்களின் சங்கம் அல்ல. ஸ்காட்டிஷ் பெண்கள் கால்பந்துச் சங்கம். ஏன் என்று தனக்கு ஒருபோதும் சரியாகச் சொல்லப்படவில்லை என்றே ரோஸ் சொல்லிவந்திருக்கிறார். நாட்டில் பெண்கள் கால்பந்து நடத்தப்படும் விதத்தை அவர்கள் வாய்விட்டு விமர்சித்தார்கள். வெளிநாட்டில் ஆடிக் காசு பெற்றார்கள். இந்த இரண்டும் சங்கத்துக்கு உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

இந்த இடத்தில் எதிரியை ஆண்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. நான் பழகிய பெண்கள் அமைப்புகளை நினைத்துக்கொள்கிறேன். பத்து ஆண்டு போராடி ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு முத்திரை கிடைக்கும். கிடைத்த மறுநாளிலிருந்து, அதைக் கொடுத்தவர்கள் முகம் சுளித்துவிடக் கூடாதே என்ற பயம் தொடங்கிவிடும். சத்தமாகப் பேசுகிறவளை, நிறைய கேட்கிறவளை, வெளியே போய்ப் பெயர் வாங்கியவளை முதலில் அடக்கப் பார்ப்பது நாம்தான். 1974இல்தான் ஸ்காட்லாந்துப் பெண்களின் ஆட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த ஆண்டே தடை. இரண்டுக்கும் இடையே ஒரு நூல் ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஆவணம் காட்டி நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பயத்தின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், சில கூட்டங்களில் என்னிடமும் அது இருந்தது. தடை செய்தவர்களும் பனியிலும் மழையிலும் தம் செலவில் ஆட்டத்தை நடத்தியவர்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நாட்டுக்காக ஆடியது பத்து ஆட்டங்களோடு முடிந்தது. இருபது வயது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள், நாற்பது வயது வரை, ரோஸ் இத்தாலியில் ஆடினார். மிலான், கதானியா, லெச்சே, த்ரானி என்று ஊர் ஊராக. எட்டு முறை இத்தாலிய லீக் பட்டம், நான்கு முறை இத்தாலியக் கோப்பை, இரண்டு பருவங்களில் லீகில் அதிகக் கோல் அடித்தவர். ஒரு பருவத்தில் இத்தாலியில் லெச்சேவுக்கும் பிரான்ஸில் ரெய்ம்ஸுக்கும் மாறிமாறி ஆடி, இரண்டு நாட்டு லீகையும் வென்றார். லெச்சே இத்தாலியின் பூட்ஸ் குதிகாலில் இருக்கிறது, ரெய்ம்ஸ் பாரிஸுக்கு வடகிழக்கே. ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. உடம்பு எப்படித் தாங்கியதோ.

இத்தாலியைச் சொர்க்கமாக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. லெச்சே அணியின் பெயரில் ஓர் ஐஸ்கிரீம் நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு ஆர்வம் இருக்கும்வரை அணி இருக்கும், போனால் வீராங்கனைகள் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். 1981இல் இத்தாலி தொழில்முறை விளையாட்டுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த ஆட்டம் தொழில்முறை என்று முடிவுசெய்யும் உரிமையை அது விளையாட்டுச் சங்கங்களிடம் விட்டது. பெண்கள் கால்பந்து அந்தப் பட்டியலில் ஏறியது 2022இல். அதாவது ரோஸ் இத்தாலியில் ஆடி முடித்த காலம் முழுதும் சட்டத்தின் கண்ணில் அவர் பொழுதுபோக்குக்கு ஆடியவர். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. இத்தாலி அவருக்குக் குறைவாகக் கொடுத்தது. ஸ்காட்லாந்து அவர் இல்லை என்றது.

இத்தாலி தன் தேசிய அணிக்கும் அவரைக் கூப்பிட்டது. நீலச் சட்டை போட்டு, இத்தாலிய தேசிய கீதத்துக்கு நின்றார். உள்ளுக்குள் தான் ஸ்காட்லாந்துக்காரியாகவே இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். 1984 ஆகஸ்டில் இத்தாலியில் ‘முண்டியாலிட்டோ’ என்ற போட்டி நடந்தது. குட்டி உலகக் கோப்பை என்று பொருள். இறுதியில் இத்தாலி மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றது. அதில் ரோஸின் கோலும் உண்டு. உலகக் கோப்பை வென்ற ஒரே ஸ்காட்லாந்துக்காரர் என்று அவரை எழுதுவது இதனால்தான்.

முதலில் எனக்கு அந்தப் பட்டம் மிகையாகப் பட்டது. ஆடியவை நான்கே அணிகள்: இத்தாலி, மேற்கு ஜெர்மனி, இங்கிலாந்து, பெல்ஜியம். நான்கும் ஐரோப்பா. இது எப்படி உலகம்? பிறகு ஆண்களின் முதல் உலகக் கோப்பையைத் தேடிப் பார்த்தேன். 1930, உருகுவே. 13 அணிகள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து நான்கே நான்கு கப்பலேறி வந்தன. அதை யாரும் குட்டி என்று சொல்வதில்லை. 1971இல் மெக்சிகோவின் அஸ்டெகா மைதானத்தில் டென்மார்க் பெண்களும் மெக்சிகோ பெண்களும் ஆடிய இறுதிப் போட்டியை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அதுவும் அதிகாரபூர்வமற்றது. ஃபிஃபா பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையை நடத்தியது 1991இல். அப்போது ரோஸுக்கு 36 வயது.

‘அதிகாரபூர்வமற்ற’ என்ற சொல்லை நான் கட்டுரைத் தாள்களில் சாதாரணமாகப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். ஒற்று மிகுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பேன். இப்போது அந்தச் சொல் வருமிடமெல்லாம் நின்றுவிடுகிறேன். யார் நடத்தாமல் விட்டார்களோ அவர்களிடமே, அது நடந்ததா இல்லையா என்று சொல்லும் உரிமையும் இருக்கிறது. நான்கு அணிகள்தான் ஆடின என்பது உண்மை. மற்ற நாடுகளில் மைதானத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

ரோஸ் பிற்காலத்தில் ஸ்டூவர்டனுக்கே திரும்பி வந்து குடியேறினார். 2007இல் ஸ்காட்டிஷ் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது, அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர். ஊரின் விளையாட்டு மையத்துக்கு இப்போது அவர் பெயர். 2019இல் ஸ்காட்லாந்துப் பெண்கள் அணி முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. அந்த ஆண்டில்தான் 1972 அணிக்கு ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் தொப்பி வழங்கியது. கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். 17 வயதில் கோல் போட்ட பெண்ணுக்கு அன்று 64 வயது.

எட்னா நீலிஸ் அந்த நாளுக்கு இல்லை. 2015இல் இறந்துவிட்டார். ரோஸோடு ரெய்ம்ஸுக்கும் மிலானுக்கும் போனவர், ரோஸோடு தடை வாங்கியவர். ரோஸைப் பற்றித் தேடினால் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. எட்னாவைத் தேடினால் பெரும்பாலும் ரோஸைப் பற்றிய பக்கங்களே வருகின்றன, நடுவில் ஒரு வரியாக அவர். இந்தக் கட்டுரையிலும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று எழுதி முடிக்கும்போது தெரிகிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி, “ஆணுக்கு நிகரா ஆடியிருக்காங்க மேடம்” என்றாள். கால்பந்துக்காரி உடனே திரும்பி, “எந்த ஆணுக்கு?” என்று கேட்டாள். எட்டு லீக் பட்டம் வாங்கின ஆண்கள் எத்தனை பேர் என்று அவளும் நானும் செல்பேசியில் தேட ஆரம்பித்தோம். மணி அடித்துவிட்டது. அன்று மாலை அவளுக்கு ஆட்டம் இருந்தது. பையன்களின் கிரிக்கெட் பயிற்சி முடிந்த பிறகுதான் மைதானம் தருவார்களாம், ஐந்தரைக்குத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.